மீன் தெரிந்த ஊரில் முள் ஏன் சிக்குகிறது?

கோட்டைப்பட்டினத்துக்காரர்களிடம் மீன் முள்ளைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். இருந்தாலும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படிங்க. சாப்பிட்டுக்கிட்டே படிக்காதீங்க. ஏன் என்பது கீழே வரும்.

மணமேல்குடியிலிருந்து மீமிசல் வரைக்கும் உள்ள நம்ம கடற்கரையில் வேலை பார்த்த வருடங்களில், "டாக்டர், முள்ளு மாட்டிக்கிச்சு" என்று வந்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவர்கள், மீன் சாப்பிட்டுப் பழகாதவர்கள், இவர்களுக்குத்தான் அதிகம் சிக்கும் என்று. வந்தவர்களைப் பார்த்தால் அப்படி இல்லை. விசைப்படகுத் தொழிலாளி, மீன் ஏலம் எடுப்பவர், ஐம்பது வருடமாகத் தினம் மீன் ஆய்கிற பெரியம்மா. எல்லாருமே மீனோடு பிறந்து வளர்ந்தவர்கள்.

பழகாதவன் பயந்து பயந்து ஒவ்வொரு துணுக்காகப் பிய்த்துச் சாப்பிடுகிறான். பழகியவன் பார்க்காமலே சாப்பிடுகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போ பழகியவர்களுக்கு இத்தனை வருடம் முள் சிக்காமல் பார்த்துக்கொண்டது எது? கண் ஒரு காவல். விரல் ஒரு காவல். உள்ளே போனபிறகு நாக்கு, மேல் அண்ணம், பல் மூன்றும் சேர்ந்து ஒரு காவல். இதையெல்லாம் தாண்டி மனசு சாப்பாட்டில் இருக்க வேண்டும். இதில் ஏதோ ஒன்று விலகுகிற நாளில்தான் முள் உள்ளே போகிறது. மீனை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

ஆனாலும் முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது.

எல்லா மீனுக்கும் நடுமுள் உண்டு, வயிற்றுப் பக்கம் விலா முள் உண்டு. இவை எங்கே இருக்கும் என்று நம்ம விரலுக்கு மனப்பாடம். நடுமுள்ளைப் பிடித்து இழுத்தால் வரிசையாகக் கூடவே வந்துவிடும். சாளை, கெண்டை, உள்ளம் போன்ற மீன்களில் இது போக இன்னொரு வகை முள் இருக்கிறது. சதைக்கு உள்ளேயே, நடுமுள்ளோடு ஒட்டாமல், மயிரிழை மாதிரி தனித்தனியாகக் கிடக்கும். கெண்டையில் அது கவட்டைக்குச்சி மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். நடுமுள்ளை நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக உருவினாலும் இந்த முள் சதையிலேயே தங்கிவிடும். பாறை, கொடுவா, வஞ்சிரம் வகைகளில் இந்தத் தொல்லை கிடையாது. திருக்கை, சுறாவுக்கு எலும்பே கிடையாது, வெறும் குருத்தெலும்புதான். சுறாப்புட்டைப் பிள்ளை பெற்றவளுக்கும் சின்னப் பிள்ளைக்கும் தைரியமாகக் கொடுப்பதற்கு அதுவும் ஒரு சௌகரியம்.

இதில் நம்ம ஊருக்கே உரிய ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு கொண்டுவருவதுதான் கடல் மீன், அதுவும் விலை எகிறிவிடும். அதே நேரத்தில்தான் உள்ளே கண்மாய்கள் வற்றி, மீன்பிடித் திருவிழா நடந்து, கட்லாவும் ரோகுவும் கெண்டையும் வண்டி கட்டி வரும். வருடம் முழுக்கக் கடல் மீன் சாப்பிட்ட வாய்க்குத் திடீரென்று கவட்டை முள். விரலுக்கு இருக்கிற மனப்பாடம் இங்கே செல்லாது. கடற்கரைக்காரருக்கு மீன் முழுக்கத் தெரியும் என்பது கண்மாய் மீனுக்குப் பொருந்தாது.

கண்மாய் மீனைவிட நான் அதிகம் எச்சரிக்கிற ஒன்று உண்டு. மறுநாள் மீன் குழம்பு.

கோபப்படாதீங்க. ஒரு நாள் வைத்திருந்து சுண்ட வைத்த குழம்புக்கு ஈடு கிடையாது, எனக்கும் தெரியும். ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் துண்டு முழுசாக இருக்கிறது. முள் அதனதன் இடத்தில் இருக்கிறது. இரண்டு முறை சூடு பண்ணி, கரண்டி போட்டுக் கிண்டினால் துண்டு உடைந்துவிடும். அரிவாள்மனையில் வெட்டும்போதே குறுக்கே அறுபட்ட விலா முள் துணுக்குகள், ஒரு முனை ஊசி மாதிரி, குழம்பில் மிதக்க ஆரம்பிக்கும். "மீன் துண்டு வேண்டாம், குழம்பு மட்டும் ஊத்து" என்கிறோம். குழம்புதானே என்று பார்க்காமல் பிசைந்து வாயில் போடுகிறோம். சோற்றுக்குள் ஒளிந்த முள்ளை நாக்கு கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். மீனைத் தனியாகப் பிட்டுச் சாப்பிடும்போது நாக்குக்கு ஒரு வேலைதான். சோற்றோடு பிசைந்துவிட்டால் நூறு பருக்கைக்கு நடுவில் ஒரு முள்ளைத் தேட வேண்டும்.

குழம்பை ஒரு வடிதட்டில் ஊற்றி வடித்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. ஒரு நிமிட வேலை.

இப்போது காவல்காரர்களுக்கு வருவோம்.

பல்செட். இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை, அதனால் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறேன். நம்ம சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. ஒரு மணல் துகள் கடிபட்டால்கூட மூளைக்குச் சொல்லும். அரிசியில் கல் இருந்தால் 'நறுக்' என்று உடனே தெரிகிறதே, அந்த உணர்வு. செயற்கைப் பல்லுக்கு வேர் இல்லை, சவ்வு இல்லை, உணர்வும் இல்லை. மேல்தாடைக்கு முழு செட் போட்டால் அந்த பிளாஸ்டிக் தகடு அண்ணத்தையும் மூடிவிடும். நாக்கு உணவை அண்ணத்தில் வைத்துத் தேய்த்துப் பார்க்கும்போதுதான் முள் குத்துவது தெரியும். தகடு மேல் தேய்த்தால் என்ன தெரியும்? கையுறை போட்டுக்கொண்டு மெத்தையில் விழுந்த ஊசியைத் தேடுகிற மாதிரிதான்.

பல்செட் உள்ளவர்களுக்கு மீன் முள் சிக்கும் அபாயம் அதிகம் என்பது மருத்துவ உலகில் பழைய செய்தி. பல்செட் வாங்கிக்கொண்டு வருகிற எத்தனை பேருக்கு இதைச் சொல்லி அனுப்புகிறார்கள் என்று நீங்களே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அறுபதைத் தாண்டிய ஒரு பெரியம்மாவைச் சொல்ல வேண்டும். ஊர், பெயர் வேண்டாம். மேல் கீழ் இரண்டும் செட். ஒரு கண்ணில் புரை. விசேஷ வீட்டு விருந்தில் சாப்பிடும்போது "சுருக்"கென்று குத்தியிருக்கிறது. பந்தியில் எழுந்திருக்க வெட்கம். சோற்றை உருட்டி விழுங்கியிருக்கிறார். கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி இருந்ததாம். வீட்டுக்கு வந்து மறுபடியும் குத்தல். வாழைப்பழத்தைப் பெரிது பெரிதாக விழுங்கியிருக்கிறார். இரண்டாம் நாள் சோற்று உருண்டை மறுபடியும். மூன்றாம் நாள் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. நாலாம் நாள் காய்ச்சலோடு, கழுத்து வீங்கி, மருமகள் ஆட்டோவில் கூட்டி வந்தார்.

"ஒண்ணுமில்ல தம்பி, முள்ளுதான். எங்களுக்கெல்லாம் இது சகஜம்," என்று அந்த நிலையிலும் எனக்கு ஆறுதல் சொன்னார் அந்தம்மா. குரல் மாறிப்போயிருந்தது. கழுத்தைத் தொட்டால் தோலுக்கு அடியில் நறநறவென்று காற்று. மருத்துவம் படித்த யாருக்கும் அந்த நறநறப்பு வயிற்றைக் கலக்கும். உணவுப்பாதையில் எங்கோ ஓட்டை விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, அன்றிரவே தஞ்சாவூருக்கு அனுப்பினோம். சிடி ஸ்கேனில் தொண்டைக்குப் பின்னால் சீழ். ஆபரேஷன் செய்து சீழை வெளியேற்றினார்கள். வாய் வழியாக ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க அவருக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி.

எடுத்த முள் எவ்வளவு நீளம் தெரியுமா? என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

முதல் நாளே வந்திருந்தால் பாதி வேலை டார்ச் வெளிச்சத்திலேயே முடிந்திருக்கலாம். மீன் முள் சிக்குகிற இடங்களில் முக்கியமானவை தொண்டையின் இரு பக்கமும் உள்ள டான்சில், நாக்கின் அடிப்பகுதி, அதற்குச் சற்றுக் கீழே உள்ள பள்ளங்கள். டான்சிலில் குத்தி நிற்கும் முள்ளை நாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு ஃபோர்செப்ஸால் இழுத்து எடுத்துவிடலாம். பத்து விநாடி. நோயாளியின் முகத்தில் வரும் நிம்மதிக்கு ஈடு இணை கிடையாது, எங்களுக்கும் அன்றைக்கு அதுதான் சந்தோஷம். நாக்கின் அடியில் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் சின்ன எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்து எடுப்பார்.

அதற்கும் கீழே, முன்பல்லிலிருந்து சுமார் 15 செ.மீ. ஆழத்தில், உணவுக்குழாய் தொடங்கும் இடம் குறுகலாக இருக்கும். முள் அங்கே போய் நின்றால் விஷயம் வேறு. டார்ச்சுக்குத் தெரியாது. எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியவே தெரியாது, சிடி ஸ்கேன்தான் நம்பகமானது. உணவுக்குழாயில் கூர்மையான பொருள் சிக்கினால் முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், போனால் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் 2016 வழிகாட்டுதல் சொல்கிறது. நாலு நாள் சோற்று உருண்டை எங்கே, ஆறு மணி நேரம் எங்கே?

சோற்று உருண்டை, வாழைப்பழம், காய்ந்த ரொட்டி. உலகம் முழுக்க இந்த வைத்தியம் உண்டு. சீனாவில் வினிகர் குடிப்பார்கள். பிலிப்பைன்ஸில் கால் முன்னே வரப் பிறந்த ஒருவரைக் கூப்பிட்டுத் தொண்டையைத் தடவச் சொல்வார்கள். (நம்ம ஊரில் அதே ஆளைக் கூப்பிட்டு இடுப்புச் சுளுக்குக்கு மிதிக்கச் சொல்வோம். கால் முன்னே பிறந்தவர்களுக்கு எங்கே போனாலும் வேலைதான்.) உருண்டை விழுங்கிச் சிலருக்குச் சரியாகிறதே என்று கேட்பீர்கள். ஆகும். ஆழமாகக் குத்தாத சின்ன முள் எப்படியும் போயிருக்கும், பெயர் உருண்டைக்கு. ஆழமாகக் குத்திய முள்ளை உருண்டை ஆணி அடிக்கிற மாதிரி இன்னும் உள்ளே இறக்கும். இல்லையென்றால் டான்சிலில் எளிதாக எட்டுகிற முள்ளை உணவுக்குழாய்க்குத் தள்ளிவிடும். இன்னொன்று, வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோபி செய்வதே சிக்கல். வாந்தி நுரையீரலுக்குப் போய்விடும் என்று காத்திருக்க வேண்டி வரும்.

பிள்ளைகளுக்கு முள் சிக்கினால் 'தொக்கம்' எடுக்கக் கூட்டிப்போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊதி, உறிஞ்சி, வாயிலிருந்து ஏதோ ஒரு துணுக்கைத் துப்பிக் காட்டுவார்கள். துணுக்கு வெளியே வந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவோம். முள் அங்கேயேதான் இருக்கும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிட மறுக்கும், எச்சில் வடிக்கும், அழும். தயவுசெய்து நேரே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

குழந்தைகளுக்கு ஏன் சிக்குகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மெல்லும் பல் முழுசாக வந்திருக்காது. வாயில் இருக்கும்போதே சிரிப்பார்கள், ஓடுவார்கள். இப்போது புதிதாகச் செல்போன். அம்மா ஒரு கையால் ஊட்டுகிறார், குழந்தை கண் எடுக்காமல் கார்ட்டூன் பார்க்கிறது. வாயில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது, விழுங்கிவிடும். சில சமயம் அம்மாவும் அதே கார்ட்டூனைப் பார்க்கிறார்! ஊட்டுகிறவரின் விரல்தான் அந்தக் குழந்தைக்கு இருக்கிற ஒரே காவல்.

பெரியவர்களுக்கும் இதே கதைதான், போனில் ரீல்ஸ். இந்த த்ரெட்டைச் சாப்பிடும்போது படிக்காதீங்க என்றது இதற்குத்தான்.

அப்புறம் குடி. போதையில் தொண்டை உணர்வு மழுங்கும், அவசரம் கூடும், பக்கத்தில் தட்டில் இருப்பதோ மீன் வறுவல். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வெளிச்சம் இன்னொன்று. ரமலானில் சஹர் நேரம், பாதித் தூக்கம், பாங்கு சொல்வதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம், முந்தின இரவு மீன் குழம்பு. படகிலும் அப்படித்தான். ராத்திரி, ஆடுகிற தளம், மங்கலான பல்ப், அடுத்த வலை இழுப்பதற்குள் நாலு வாய். படகில் ஒருவருக்கு முள் சிக்கினால் கரைக்கு வரும்வரை வழி இல்லை. அந்த மாதிரி வந்த ஒரு தம்பி, கரை இறங்கியதும் வலையை இறக்கிவிட்டு, மீனை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, குளித்துவிட்டு வந்தார். "பங்கு பிரிக்கும்போது நான் இல்லைன்னா எப்படி டாக்டர்?" என்றார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. நல்லவேளை, முள் டான்சிலில் நின்றிருந்தது.

பக்கவாதம் வந்து விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், நடுக்குவாத நோயாளிகள், ஞாபக மறதி நோய் உள்ள முதியவர்கள், இவர்களுக்கு மீனை மற்றவர் பிட்டு, விரலால் தடவிப் பார்த்துத் தனியாகக் கொடுங்கள். ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப உணவு சிக்கினால் மீனைத் திட்டுவதை நிறுத்திவிட்டு உணவுக்குழாயைப் பரிசோதிக்க வேண்டும். உள்ளே சுருக்கமோ கட்டியோ இருக்கலாம்.

வசதி, அந்தஸ்து எதுவும் இதில் காப்பாற்றாது. பிரிட்டன் ராணி இரண்டாம் எலிசபெத்தின் தாயாருக்கு 1982இல் தொண்டையில் மீன் முள் சிக்கி, ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 82. தூண்டில் போட்டு மீன் பிடிப்பதில் பெரிய ஆர்வம் உள்ளவர், அதாவது அவரும் மீன் தெரிந்தவர்தான். சால்மன் மீன்கள் தன்னைப் பழி வாங்கிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாராம். 1986இலும் 1993இலும் மறுபடி அதே மாதிரிப் பிரச்சினையோடு ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர மருத்துவமனையில் சேர்ந்தார், 1993இல் மயக்க மருந்து கொடுக்க வேண்டிவந்தது. அவருக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே வித்தியாசம்தான். ராணியின் தாயார் நாலு நாள் உருண்டை விழுங்கிப் பார்க்கவில்லை.

பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். விழுங்கப்பட்ட மீன் முள்ளில் பெரும்பாலானவை வயிற்றுக்குப் போய், ஒரு தொந்தரவும் இல்லாமல் வெளியேறிவிடும். குடலை ஓட்டை போடுவதும், இரைப்பையைத் துளைத்துக் கல்லீரலில் சீழ் கட்டுவதும் அபூர்வம். அபூர்வத்திலும் அபூர்வமாக ஒன்று உண்டு, அதை 1914இலேயே சியாரி என்ற மருத்துவர் விவரித்திருக்கிறார். உணவுக்குழாயை ஒட்டியே பெருந்தமனி போகிறது. முள் அதைத் துளைத்தால் முதலில் நெஞ்சுவலி, பிறகு கொஞ்சம் ரத்த வாந்தி. அதன்பிறகு சில மணி நேரமோ சில நாட்களோ ஒன்றுமே இருக்காது, சரியாகிவிட்டது என்று நினைப்போம். அதற்குப்பின் வருகிற ரத்தப்போக்கை நிறுத்துவது ரொம்பக் கடினம். முள் சிக்கியபின் ஒரு வாய் ரத்தம் வந்து நின்றுவிட்டாலும் வீட்டில் இருக்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

சரி, இன்றைக்கு ராத்திரியே சிக்கினால் என்ன செய்வது?

சாப்பிடுவதை நிறுத்துங்கள். லேசாக இருமிப் பாருங்கள், வாய் கொப்பளியுங்கள். கண்ணாடி முன் டார்ச் அடித்துப் பார்த்து, முள் வெளியே நீட்டிக்கொண்டு தெளிவாகத் தெரிந்தால் வீட்டில் இன்னொருவர் சுத்தமான இடுக்கியால் எடுக்கலாம். தெரியவில்லையா, விரலை விட்டுத் துழாவாதீங்க, பிரஷ்ஷால் குத்தாதீங்க. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் ஒரே இடத்தில் குத்துகிறது என்றால் கிளம்பி வாங்க. மூச்சு வாங்கினால், எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தால், நெஞ்சிலோ முதுகிலோ வலித்தால், காய்ச்சல் வந்தால், கழுத்து வீங்கினால், ரத்தம் வந்தால் 108க்கு அடியுங்கள். அரசு மருத்துவமனை எதுவாக இருந்தாலும் முதலில் பார்ப்பார்கள், மேலே எண்டோஸ்கோபி தேவைப்பட்டால் எங்கே அனுப்புவது என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

வரும்போது மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள். என்ன மீன், எத்தனை மணிக்கு, அதற்குப்பின் என்ன விழுங்கினீர்கள். மீன் பெயரை நம்ம ஊர்ப் பெயரிலேயே சொல்லுங்கள், சாளையா பாறையா கெண்டையா என்று தெரிந்தால் எப்படிப்பட்ட முள்ளைத் தேட வேண்டும் என்று எங்களுக்குப் பிடிபடும். பல்செட் இருந்தால் கழற்றிக் கையில் கொண்டுவாங்க.

எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்று பாக்கி: "முள்ளு போயிருச்சு டாக்டர், ஆனா இன்னும் உறுத்துதே?"

முள் கீறிவிட்டுப் போன இடம் ஒன்றிரண்டு நாள் முள் இருப்பது மாதிரியே உறுத்தும். நேற்றைவிட இன்று குறைவாக இருந்தால் அது கீறல். நேற்று மாதிரியே இருந்தாலோ, கூடினாலோ, முள் இன்னும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வந்து காட்டுங்கள்.